ஸ்காலர்ஷிப் இல்லாத டிவிஷன் 3 கூடைப்பந்து: பையனுக்குச் சின்னக் கல்லூரி பார்ப்பது எப்படி?

கேள்வி: மகன் நியூ ஜெர்சியில் 11ஆம் வகுப்பு படிக்கிறான். ஆறடி ஓர் அங்குலம், ஆடும் இடம் கார்டு (பந்தை நடத்திச் செல்லும் ஆட்டக்காரன்). பள்ளி அணியில் இந்த ஆண்டு முதல் ஐவரில் ஒருவன். மதிப்பெண்ணும் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பொருளாதாரம் என்கிறான். டிவிஷன் 1 கோச் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூன்று சின்னக் கல்லூரிகளின் கோச்சுகள் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார்கள், மூன்றும் டிவிஷன் 3. "ஸ்காலர்ஷிப்பே கிடையாது என்றால் எதற்கு விளையாட வேண்டும்?" என்று மனைவி கேட்கிறார். எங்களுக்கு கிரீன் கார்டு இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்:

உங்கள் மனைவி கேட்டதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது. டிவிஷன் 3 கல்லூரி விளையாட்டுக்கென்று ஒரு டாலர்கூட உதவித்தொகை தரக் கூடாது என்பது அதன் விதி. தேவை பார்த்துத் தரும் உதவி, மதிப்பெண் பார்த்துத் தரும் உதவி இரண்டும் உண்டு. ஆனால் பையன் பந்து விளையாடுகிறான் என்பது அந்தக் கணக்கில் எங்கும் வரக் கூடாது. "நான் பார்த்துக்கொள்கிறேன், பணம் ஏற்பாடு செய்து தருகிறேன்" என்று எந்த டிவிஷன் 3 கோச்சாவது சொன்னால், ஒன்று அவருக்கு விதி தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அப்படியானால் பந்தால் கிடைப்பது என்ன? ஒன்று, நான்கு ஆண்டு விளையாட்டு. அதன் மதிப்பு பையனுக்குத்தான் தெரியும். இன்னொன்று, சில கல்லூரிகளில் நுழைவாயிலில் ஒரு தள்ளு. பத்துப் பேர் விண்ணப்பித்தால் ஒருவரைத்தான் எடுக்கும் கல்லூரியில், கோச் தன் பட்டியலில் பையன் பெயரை எழுதி அட்மிஷன் ஆபீசுக்குக் கொடுத்தால் அந்த விண்ணப்பத்தைப் பார்க்கும் பார்வையே வேறு. இந்த இரண்டாவது விஷயத்தில்தான் நம் பெற்றோர்கள் ஏமாறுகிறார்கள். எல்லா கோச்சுக்கும் அந்தச் செல்வாக்கு கிடையாது. இருக்கிற கோச்சும் எல்லாப் பையனுக்காகவும் அதைச் செலவழிக்க மாட்டார். ஆகவே உங்கள் வேலை கல்லூரிகளை வரிசைப்படுத்துவது இல்லை. அந்த மூன்று கோச்சுகளின் வார்த்தைக்கும் எவ்வளவு எடை என்று கண்டுபிடிப்பதுதான்.

முதலில், டிவிஷன் 1 வரவில்லையே என்ற வருத்தத்தை விடுங்கள். அமெரிக்காவில் பள்ளி அணிகளில் விளையாடும் பையன்கள் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் பேர். அவர்களில் என்.சி.ஏ.ஏ.வின் மூன்று பிரிவுகளில் ஏதோ ஒன்றில் ஆடப் போகிறவர்கள் நூற்றுக்கு மூன்று, நான்கு பேர். டிவிஷன் 1க்குப் போவது நூற்றுக்கு ஒருவர். 2021க்குப் பிறகு அந்த வாசல் இன்னும் குறுகிவிட்டது. ஓராண்டு உட்கார வேண்டிய கட்டாயம் இல்லாமல் கல்லூரி மாறலாம் என்று விதியைத் தளர்த்தியதும், டிவிஷன் 1 கோச்சுகள் பதினெட்டு வயதுப் பையனை எடுத்து வளர்ப்பதைக் குறைத்துக்கொண்டு, வேறு கல்லூரியில் ஏற்கெனவே ஆடிய இருபத்திரண்டு வயது ஆளைக் கூட்டி வருகிறார்கள். அங்கே இடம் கிடைக்காத பையன்கள் டிவிஷன் 2க்கு இறங்குகிறார்கள், அங்கிருந்து டிவிஷன் 3க்கு. பத்தாண்டுக்கு முன் டிவிஷன் 1ல் கடைசி பெஞ்சில் இருந்திருக்கக்கூடிய பையன்தான் இன்று உங்கள் மகனுக்குப் போட்டி.

டிவிஷன் 3 என்றால் பொழுதுபோக்கு ஆட்டம் என்று நினைத்துவிடவும் வேண்டாம். டங்கன் ராபின்சன் வில்லியம்ஸ் கல்லூரியில் முதலாண்டு ஆடியவர். 2014 டிவிஷன் 3 இறுதியாட்டத்தில் விஸ்கான்சின்-ஒயிட்வாட்டரிடம் 75-73 என்று தோற்ற அணியில் இருந்தார். பிறகு மிஷிகன் போய், தொழில்முறை லீகான என்.பி.ஏ.வின் புது ஆட்டக்காரர் தேர்வில் (டிராஃப்ட்) யாரும் எடுக்காமல், மயாமி ஹீட் அணியில் சேர்ந்து 2020 என்.பி.ஏ. இறுதிச் சுற்றில் ஆடினார். இதை உங்கள் மகனுக்கு வழிகாட்டியாகச் சொல்லவில்லை. அவர் ஆறடி ஏழு அங்குலம். ஆட்டத்தின் தரத்துக்காகச் சொல்கிறேன்.

சின்னக் கல்லூரி என்பதும் டிவிஷன் 3 என்பதும் ஒன்றல்ல. என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டெஃப் கரி ஆடிய டேவிட்சனில் மாணவர்கள் இரண்டாயிரம் பேர்தான், ஆனால் டிவிஷன் 1. உங்கள் பக்கத்து மாநிலத்து லஃபாயெட்டும் அப்படியே. மறுபக்கம் நியூயார்க் பல்கலை, கார்னகி மெலன், எமரி, சிகாகோ, எம்.ஐ.டி. எல்லாம் டிவிஷன் 3. பெயர்க் குழப்பம் வேறு. டிரினிட்டி என்று ஹார்ட்ஃபோர்டில் ஒன்று, டெக்சாஸ் சான் அன்டோனியோவில் ஒன்று, இரண்டும் டிவிஷன் 3. வெஸ்லியன், இல்லினாய் வெஸ்லியன், ஒஹாயோ வெஸ்லியன் மூன்றும் வெவ்வேறு. மின்னஞ்சல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், தவறான டிரினிட்டிக்கு விமான டிக்கெட் விலை பார்த்தவர்களை நான் அறிவேன்.

இப்போது அந்த மூன்று மின்னஞ்சல்கள். அவற்றில் பையனின் பெயருக்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது? "எங்கள் கோடை முகாமுக்கு வாருங்கள், கட்டணம் இவ்வளவு" என்று இருந்தால் அது விளம்பரம். நூற்றுக்கணக்கான பேருக்குப் போயிருக்கும். முகாமுக்குப் போவதில் தவறில்லை, ஆனால் அதை அழைப்பு என்று எண்ண வேண்டாம். இன்ன ஆட்டத்தில் இன்ன கால்வாசியில் பையன் செய்ததைக் குறிப்பிட்டிருந்தால், யாரோ ஒருவர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். தலைமைக் கோச் தன் கைப்பேசி எண்ணைக் கொடுத்துப் பேசக் கூப்பிட்டால் அடுத்த படி. துணைக் கோச் மட்டுமே எழுதிக்கொண்டிருந்தால் இன்னும் பட்டியலின் வெளிவட்டத்தில்தான் இருக்கிறான்.

பேசும்போது பையன்தான் பேச வேண்டும், நீங்கள் இல்லை. இது முக்கியம். அப்பா எழுதும் மின்னஞ்சலை கோச்சுகள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள், நான்கு ஆண்டும் இந்த அப்பாவைச் சமாளிக்க வேண்டுமே என்று யோசிப்பார்கள். பையன் கேட்க வேண்டியவை: நான் சேரும் ஆண்டில் எத்தனை கார்டு எடுக்கிறீர்கள்? உங்கள் வரிசையில் நான் எத்தனையாவது? அட்மிஷன் ஆபீசில் என் மதிப்பெண்ணைக் காட்டிக் கேட்பீர்களா? எப்போது? என் போன்றவனுக்குச் "சரி" என்று அவர்கள் சொன்ன பிறகு எத்தனை பேருக்கு இடம் கிடைக்காமல் போயிருக்கிறது?

இந்த மதிப்பெண் காட்டிக் கேட்கும் விஷயத்துக்கு ப்ரீ-ரீட் என்று பெயர். 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில், பல கல்லூரிகளில் ஜூலை 1 முதல், கோச் பையனின் மதிப்பெண் பட்டியல், தேர்வு மதிப்பெண், 12ஆம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள் எல்லாவற்றையும் அட்மிஷன் ஆபீசுக்குக் கொடுப்பார். அவர்கள் பார்த்துவிட்டு வாய்ப்புண்டு, இல்லை, அல்லது இன்னும் ஒரு பருவ மதிப்பெண் வரட்டும் என்பார்கள். எழுத்துபூர்வமான உறுதி கிடையாது. ஆனாலும் கடினமான கல்லூரிகளில் இதைவிடத் தெளிவான குறிப்பு வேறு எதுவும் கிடைக்காது. "ப்ரீ-ரீட் வேண்டாம், நீ சும்மா அப்ளை பண்ணு" என்று அப்படிப்பட்ட கல்லூரியின் கோச் சொன்னால், அவர் தன் செல்வாக்கை வேறு பையனுக்காக வைத்திருக்கிறார் என்று அர்த்தம். பாதிப் பேருக்கு மேல் இடம் கொடுக்கும் கல்லூரியில் இந்தச் சடங்கெல்லாம் தேவையில்லை. அங்கே கோச்சின் உதவி இல்லாமலே உங்கள் மகன் உள்ளே போய்விடுவான்.

ப்ரீ-ரீட் நன்றாக வந்தால் கோச் அடுத்துக் கேட்பது: "ஏர்லி டிசிஷனில் அப்ளை பண்ணுவாயா?" நவம்பர் தொடக்கத்தில் அல்லது நடுவில் கெடு. கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். இங்கே நிதானம் வேண்டும். டிவிஷன் 3ல் கல்லூரியைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தக் கடிதம் எதுவும் கிடையாது. கோச் நாளைக்கு மனம் மாறலாம், வேறு வேலைக்குப் போகலாம், இன்னும் இரண்டு கார்டுகளை எடுக்கலாம். கையெழுத்துப் போட்டுக் கட்டுப்படுவது உங்கள் மகனும் நீங்களும்தான். கல்லூரி தரும் நிதி உதவி போதவில்லை என்றால் விலகிக்கொள்ள வழி உண்டு, மற்றபடி இல்லை. அதனால் ஏர்லி டிசிஷனுக்குச் சம்மதிக்கும் முன்பு பணக் கணக்கு முடிந்திருக்க வேண்டும்.

பணம். பெயர்பெற்ற தனியார் சின்னக் கல்லூரிகளில் ஆண்டுச் செலவு, தங்குமிடம் சாப்பாடு எல்லாம் சேர்த்து, 90,000 டாலரைச் சுற்றி நிற்கிறது. வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட், போடன், ஹாவர்ஃபோர்ட், பொமோனா போன்ற இடங்களில் மதிப்பெண்ணுக்கென்று உதவித்தொகை தருவதில்லை. குடும்பத் தேவை மட்டும்தான் கணக்கு. கணவன் மனைவி இருவரும் ஐ.டி.யில் இருந்தால் பெரும்பாலும் முழுத் தொகையோ, அதற்குக் கொஞ்சம் குறைவோதான். அதே நேரம் டெனிசன், வூஸ்டர், டிபா, சான் அன்டோனியோ டிரினிட்டி மாதிரிக் கல்லூரிகள் நல்ல மதிப்பெண்ணுக்குக் கணிசமாகக் குறைக்கின்றன. சட்டப்படி ஒவ்வொரு கல்லூரியின் வலைத்தளத்திலும் நிகரச் செலவைக் கணக்கிடும் கருவி ஒன்று இருக்க வேண்டும். வருமான வரிப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று கல்லூரிக்கும் போட்டுப் பாருங்கள். ஒரே குடும்பத்துக்கு இரண்டு கல்லூரிகளுக்கு இடையே ஆண்டுக்கு முப்பதாயிரம் வித்தியாசம் வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கிரீன் கார்டு இருப்பதால் ஃபாஃப்சா எனும் மத்திய அரசு உதவி விண்ணப்பம் உங்களுக்குத் திறந்திருக்கிறது. எச்-4ல் (எச்-1பி விசாவில் வேலை செய்பவரின் குடும்பத்துக்கான விசா) பிள்ளை இருக்கும் குடும்பங்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒரு வார்த்தை. அவர்களுக்கு மத்திய அரசு உதவி கிடையாது. பல கல்லூரிகள் அந்தப் பிள்ளையை வெளிநாட்டு மாணவர் வரிசையில் வைக்கின்றன, அங்கே உதவி கேட்பதே இடத்தைப் பாதிக்கலாம். ஆம்ஹெர்ஸ்ட், போடன், எம்.ஐ.டி. மாதிரிச் சிலவே வெளிநாட்டவருக்கும் தேவை பார்க்காமல் இடம் தருகின்றன. கோச்சுக்கு இதெல்லாம் தெரிந்திருக்காது. "எங்களை எந்த வரிசையில் வைப்பீர்கள்?" என்று அட்மிஷன் ஆபீசுக்கே நேரடியாக எழுதிக் கேளுங்கள். இருபத்தொரு வயதில் எச்-4 முடிந்துவிடும் என்பதால், மூன்றாம் ஆண்டில் எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாறும் திட்டமும் முன்பே வேண்டும்.

நீங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். உங்கள் மாநிலத்திலேயே டிவிஷன் 3 அரசுக் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன: யூயிங்கில் உள்ள தி காலேஜ் ஆஃப் நியூ ஜெர்சி, ரோவன், மான்ட்க்ளேர், ஸ்டாக்டன், ராமப்போ. இவற்றின் ஆட்டம் முரட்டு ஆட்டம். நம்மவர்கள் "அரசுக் கல்லூரியா?" என்று உதட்டைப் பிதுக்குவது எனக்குப் புரிந்ததே இல்லை. உள்மாநிலக் கட்டணத்தில், நாற்பது நிமிடக் கார் தூரத்தில், செவ்வாய்க்கிழமை இரவு ஆட்டத்தை நேரில் பார்த்துவிட்டு வரலாம். ஹோபோகனில் உள்ள ஸ்டீவன்ஸ் இன்ஸ்டிட்யூட் தனியார்தான், ஆனால் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று உறுதியாகச் சொல்லும் பையனுக்குப் பார்க்க வேண்டிய இடம். மின்னஞ்சல் வந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். கோச் எழுதாத கல்லூரிக்குப் பையன் எழுதலாம். டிவிஷன் 3ல் பாதி அப்படித்தான் தொடங்குகிறது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். கல்லூரியின் அணிப் பக்கத்தைத் திறந்து ரோஸ்டரை, அதாவது ஆட்டக்காரர் பட்டியலை, படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டிவிஷன் 3ல் அணிக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு இல்லை. பதினைந்து, பதினாறு பேர் இருந்தால் கோச் கணக்கோடு எடுக்கிறார். இருபத்தைந்து பேர் இருந்தால் கவனியுங்கள், அதிலும் முதலாண்டு மாணவர்கள் பதினொருவர், நான்காம் ஆண்டில் இரண்டே பேர் என்று இருந்தால். நடுவில் காணாமல் போனவர்கள் எங்கே? இரண்டாண்டுக்கு முந்தைய ரோஸ்டரும் அதே தளத்தில் இருக்கும். அதில் இருந்த முதலாண்டுப் பெயர்களை இந்த ஆண்டுப் பட்டியலோடு ஒப்பிட்டால், எத்தனை பேர் தங்கினார்கள் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எனக்கு இதைவிட நேர்மையான எண் வேறு தெரியாது. கட்டணத்தை நம்பி வாழும் சில சின்னக் கல்லூரிகள் மாணவர் எண்ணிக்கையைக் கூட்டவே அணிகளைப் பெருக்குகின்றன. கோச்சுக்கு ஆண்டுக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்று இலக்கே வைத்துவிடுகிறார்கள். அங்கே "நீ எங்களுக்கு வேண்டும்" என்பதன் பொருள், "உன் கட்டணம் எங்களுக்கு வேண்டும்".

பிறகு ஆட்ட விவரப் பட்டியல். பிப்ரவரி மாத ஆட்டங்கள் நான்கை எடுத்து, ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று பாருங்கள். நவம்பரில் எல்லாரும் ஆடுவார்கள், பிப்ரவரியில்தான் கோச் யாரை நம்புகிறார் என்று தெரியும். எட்டுப் பேர் ஆடுகிறார்களா, பதினொருவரா? முதலாண்டுப் பையன் யாராவது பத்து நிமிடத்துக்கு மேல் ஆடியிருக்கிறானா? உங்கள் மகன் சேரும் ஆண்டில் இப்போதைய கார்டுகளில் யார் யார் போயிருப்பார்கள்?

ஆட்டப் பாணியும் நிமிடங்களைத் தீர்மானிக்கிறது. அயோவாவில் உள்ள கிரின்னல் கல்லூரியில் டேவிட் ஆர்செனோ என்ற கோச் பல ஆண்டுகள் ஐந்து ஐந்து பேராக மொத்தமாக மாற்றிக்கொண்டே இருக்கும் ஓர் ஓட்டப் பாணியை வைத்திருந்தார். பந்து கையில் வந்ததும் மூன்று புள்ளி எறிதல், எதிரணியை முழுத் திடலிலும் மறித்தல். 2012 நவம்பரில் அங்கே ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்து உலகச் செய்தியானார். அப்படி ஓர் அணியில் பதினைந்தாவது ஆளுக்கும் ஆட்டம் உண்டு. மெதுவாக ஆடும், தடுப்பை நம்பும் அணியில் ஏழாவது ஆளுக்கே சந்தேகம்.

மறுமுனையில் கலிபோர்னியாவின் அறிவியல் கல்லூரியான கால்டெக். 1985 முதல் தங்கள் லீகில் 310 ஆட்டங்கள் தொடர்ந்து தோற்று, 2011 பிப்ரவரி 22 அன்று ஆக்சிடென்டல் கல்லூரியை 46-45 என்று ஒரு புள்ளியில் வென்றார்கள். அத்தனை ஆண்டும் அந்த அணிக்கு ஆட வந்துகொண்டே இருந்தார்களே, அவர்களுக்குப் பந்து எதற்கு என்பதில் குழப்பம் இருந்திருக்காது. உங்கள் மகனுக்குத் தோல்வி தாங்குமா? சாப்பாட்டு மேசையில் கேட்டுப் பாருங்கள். சில பையன்களுக்கு வெல்லும் அணியின் பெஞ்ச் பிடிக்கும், சிலருக்குத் தோற்கும் அணியில் முப்பது நிமிட ஆட்டம் பிடிக்கும். இரண்டும் நியாயமான விருப்பமே, கலந்து குழப்பிக்கொள்வதுதான் வம்பு.

லீகைப் பொறுத்து வாழ்க்கையே மாறும். நியூ இங்கிலாந்தின் நெஸ்காக் லீகில் பதினொரு கல்லூரிகள். வெள்ளி இரவு ஓர் ஆட்டம், சனிக்கிழமை பகலில் இன்னொன்று என்று அடுத்தடுத்து வரும். மெயினில் இருக்கும் கோல்பியிலிருந்து ஹார்ட்ஃபோர்டுக்கு பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல். வெள்ளிக்கிழமை மதிய வகுப்பு போய்விடும். யு.ஏ.ஏ. என்ற இன்னொரு லீகில் நியூயார்க், சிகாகோ, அட்லான்டா, செயின்ட் லூயிஸ், பிட்ஸ்பர்க் என்று விமானத்தில் பறந்து வெள்ளியும் ஞாயிறும் ஆடுவார்கள். அனுபவம் அருமைதான், ஆனால் ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு அறைக்கு வந்து திங்கள் காலை அல்காரிதம் வகுப்புக்குப் போக வேண்டும். பென்சில்வேனியாவின் சென்டெனியல் லீகில் பெரும்பாலான ஊர்கள் பஸ்ஸில் இரண்டு மணி நேரத்துக்குள். ஸ்வார்த்மோர், ஹாவர்ஃபோர்ட், மூலன்பர்க், அர்சைனஸ் எல்லாம் உங்கள் வீட்டிலிருந்தும் பக்கம். ஸ்வார்த்மோர் 2019ல் இறுதியாட்டம் வரை போன அணி, பொறியியல் துறையும் வைத்திருக்கும் அபூர்வமான கலைக் கல்லூரி.

இன்னொன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் வருத்தம் வேண்டாம். கூடைப்பந்துப் பருவம் அக்டோபர் நடுவில் பயிற்சியோடு தொடங்கி பிப்ரவரி கடைசி வரை போகும். இரண்டு செமஸ்டரையும் தின்னும். டிசம்பர் விடுமுறையில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வளாகத்துக்குத் திரும்ப வேண்டும். நான்கு ஆண்டு டிசம்பரில் குடும்பத்தோடு ஊருக்குப் போகும் பயணம் கிடையாது. பாட்டி வீட்டுப் பொங்கல் கிடையாது. வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிப்பதும் கடினம். கால்பந்து ஆடும் பையனுக்கு வசந்த கால செமஸ்டராவது மிஞ்சும், கூடைப்பந்துக்காரனுக்கு அதுவும் இல்லை.

படிப்புப் பக்கம் "தரவரிசையில் எத்தனை?" என்பதை விடப் பயனுள்ள கேள்விகள் இருக்கின்றன. மதியம் ஒரு மணிக்குத் தொடங்கி நான்கரை வரை போகும் லேப், நான்கரைக்குத் தொடங்கும் பயிற்சி, இரண்டும் மோதினால் யார் விட்டுக்கொடுப்பது? "படிப்புதான் முதலில்" என்று எல்லாக் கோச்சும் சொல்வார். "லேபுக்காகத் தாமதமாக வந்தவர் கடைசியாக யார், அவர் அடுத்த ஆட்டத்தில் ஆடினாரா?" என்று கேட்டால்தான் நிஜம் வரும். அணியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவர்கள் எத்தனை பேர் என்று ரோஸ்டரிலேயே பல கல்லூரிகள் போடுகின்றன. பதினாறு பேரில் பதினொருவர் பொருளாதாரம், கம்ப்யூட்டர் சயின்ஸ் பூஜ்யம் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும், கேளுங்கள். சின்னக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் துறையில் ஆசிரியர்கள் ஐந்தாறு பேர்தான் இருப்பார்கள். மேல்நிலை வகுப்புகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மட்டும் நடக்கும் இடங்களும் உண்டு. இரண்டு ஆண்டுப் பாட அட்டவணையைத் துறையிடமிருந்து வாங்கிப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். பொருளாதாரம் என்றால் நிலைமை வேறு: அணியின் பழைய மாணவர்கள் பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் நிதி நிறுவனங்களில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், இரண்டாம் ஆண்டுக் கோடையிலேயே தொலைபேசியை எடுப்பார்கள். நெஸ்காக்கின் உண்மையான ஸ்காலர்ஷிப் அதுதான் என்பேன்.

கல்லூரியே நிலைக்குமா என்றும் பார்க்க வேண்டிய காலம் இது. 2012ல் டிவிஷன் 3 இறுதியாட்டம் வரை போன கப்ரீனி, பிலடெல்பியா பக்கம் இருந்த கல்லூரி, 2024ல் மூடப்பட்டது. அதே ஆண்டு மே 31 அன்று பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி கதவைச் சாத்தியது. அன்றைய தினமே அதன் பேஸ்பால் அணி ஒஹாயோவில் தேசியப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. அணியின் வெற்றிக்கும் கல்லூரியின் கஜானாவுக்கும் சம்பந்தம் இல்லை. மாணவர் எண்ணிக்கை ஐந்தாண்டாகச் சரிகிறதா, பட்டியல் கட்டணத்தில் முக்கால்வாசியை எல்லாருக்கும் தள்ளுபடி செய்கிறார்களா, துறைகளை மூடுகிறார்களா என்று உள்ளூர்ச் செய்தித்தாளில் தேடிப் பாருங்கள். நிதிநிலை ஆட்டம் காணும் கல்லூரியில் தள்ளுபடி தாராளமாக இருக்கும், அதுவே எச்சரிக்கை.

நேரில் போவது 11ஆம் வகுப்பின் வசந்த காலத்திலேயே தொடங்கலாம். ஜனவரி 1 முதல் கல்லூரி தன் செலவில் அழைக்கவும் விதி அனுமதிக்கிறது. பையனை இரவு தங்க வையுங்கள், நீங்கள் ஓட்டலில் இருங்கள். பயிற்சியைப் பார்க்கும்போது நட்சத்திர ஆட்டக்காரனை விட்டுவிட்டுப் பதிமூன்றாவது ஆளைக் கவனிக்கச் சொல்லுங்கள். அவனிடம் கோச் பேசுகிறாரா? தவறு செய்தால் திருத்துகிறாரா, கண்டுகொள்ளாமல் போகிறாரா? முதலாண்டில் உங்கள் மகன் நிற்கப்போவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் யார் யாரோடு உட்கார்கிறார்கள் என்பதும் முக்கியம். வில்லியம்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் மாதிரி இடங்களில் மாணவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஏதோ ஓர் அணியில் இருக்கிறார். அணிக்காரர்கள் ஒரு மேசை, மற்றவர்கள் ஒரு மேசை என்று பிரிந்து கிடக்கும் வளாகங்கள் உண்டு. நம் பையன்களுக்கு அணியில் இன்னொரு இந்திய முகம் இருக்காது என்பது கிட்டத்தட்ட நிச்சயம், அதனால் அணிக்கு வெளியே நண்பர்கள் கிடைக்கும் இடமா என்பது கூடுதலாகத் தேவைப்படுகிறது. சைவம் என்றால் வெளியூர் ஆட்டத்துக்குப் பின் பஸ்ஸில் என்ன தருகிறார்கள் என்றும் கேட்கலாம். பெரும்பாலும் பீட்சாதான்.

கோச் எத்தனை ஆண்டாக இருக்கிறார் என்பதையும் விசாரியுங்கள், ஆனால் அவரை நம்பி மட்டும் சேர வேண்டாம். பொமோனா-பிட்சரில் 1979ல் கோச்சாகச் சேர்ந்த கிரெக் பொபோவிச் கடைசியில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் என்ற என்.பி.ஏ. அணிக்குப் போனார். நல்ல கோச்சை மற்றவர்களும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். பையன் பன்னிரண்டு, பதினைந்து கல்லூரிகளின் தலைமைக் கோச்சுகளுக்குத் தனித்தனியாக எழுதட்டும். எட்டு வரி போதும்: உயரம், ஆடும் இடம், பள்ளி, ஏ.ஏ.யூ. (பள்ளிக்கு வெளியே ஆடும் கிளப்) அணி, மதிப்பெண் சராசரி, தேர்வு மதிப்பெண், விரும்பும் பாடம், அந்த அணியின் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றி ஒரு வரி. மூன்று நிமிட வீடியோ இணைப்பு ஒன்று, முழு ஆட்டம் இரண்டு. பாட்டு சேர்க்க வேண்டாம். தோற்ற ஆட்டம் ஒன்று முழுதாக இருந்தால் நல்லது, தடுப்பில் அவன் எப்படி நிற்கிறான் என்றுதான் கோச் பார்ப்பார். ஜூலை ஏ.ஏ.யூ. போட்டிகளில் எந்தத் திடலில் எத்தனை மணிக்கு ஆடுகிறான் என்ற அட்டவணையை முந்தின வாரம் மறுபடி அனுப்ப வேண்டும். ஜூனில் பள்ளி முடிவதற்குள் கவுன்சிலரிடம் மதிப்பெண் பட்டியலையும் 12ஆம் வகுப்புப் பாடப் பட்டியலையும் பி.டி.எஃப்.ஆக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் வாரத்தில் கோச் கேட்கப்போவது அதைத்தான், அப்போது பள்ளி ஆபீசில் போன் எடுக்க ஆள் இருக்காது.